கைப்பிடி நீண்டது எப்படி?

நடுவர் அவர்களுக்கும், பொங்கல் விருந்து முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் டெக்சாஸ் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். "அமெரிக்காவில் கறுப்பின, லத்தீன் உழைப்பாளிகளை முன்னேற்றுவது அவரவர் முயற்சியா, சட்டமும் சங்கமுமா?" இதுதான் தலைப்பு. சட்டமும் தொழிற்சங்கமும்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா கேட்டார்: "நாம் ரெண்டு பெட்டியோடு வந்தோம், உழைத்தோம், வீடு வாங்கினோம். அவர்களால் ஏன் முடியாது?" நல்ல கைதட்டல். சரி, அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கு. கண்ணுக்கு எட்டிய தூரம் லெட்டூஸ் வயல். அங்கே களை கொத்த மெக்சிகோத் தொழிலாளிகளிடம் ஒரு களைக்கொத்து கொடுத்தார்கள். 'எல் கோர்த்தித்தோ' என்பார்கள், குட்டையானது என்று பொருள். கைப்பிடி இரண்டடியைத் தாண்டாது. அதைப் பிடித்தால் இடுப்பை மடித்துக் குனிந்தபடியேதான் நகர வேண்டும். காலையில் குனிந்தால் ஒரு சால் முடியும், அடுத்த சால் தொடங்கும். பொழுது சாயும் வரை அதே கதிதான். நம்மில் எத்தனையோ பேரின் அம்மாக்கள் களையெடுத்தவர்கள். சாயங்காலம் அவர்கள் இடுப்பில் கை வைத்து நிமிர்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நீளக் கைப்பிடி போட்டால் என்ன? பயிர் பழுதாகும், வேலை கெடும் என்றார்கள் தோட்ட முதலாளிகள். தொழிலாளிகள் சொன்ன காரணம் வேறு. குட்டைக் கொத்து கையில் இருந்தால், எவன் நிமிர்ந்து நிற்கிறான் என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

அந்தத் தொழிலாளி இன்னும் கடுமையாக உழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் அக்கா? முதுகெலும்பு இன்னும் சீக்கிரம் போயிருக்கும். வேறொன்றும் நடந்திருக்காது. ஏழைகளுக்கு இலவசமாக வாதாடிய வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தொழிலாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது; அந்த ஆண்டே குட்டைக் கொத்துக்குத் தடை வந்தது. கைப்பிடி நீண்டது அப்படித்தான்.

அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால், அதே கலிபோர்னியாவில் டெலானோ என்ற ஊர். 1965 செப்டம்பர் 8 அன்று லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோத் தொழிலாளிகள் திராட்சைத் தோட்டங்களில் வேலையை நிறுத்தினார்கள். அதுவரை ஓர் இனத்தார் வேலையை நிறுத்தினால் இன்னோர் இனத்தாரை இறக்கி அதை முறிப்பதுதான் முதலாளிகளின் வழக்கம். இந்த முறை எட்டே நாளில் சீசர் சாவேஸின் சங்கத்து மெக்சிகோத் தொழிலாளிகள் வந்து அவர்களோடு சேர்ந்து நின்றார்கள். ஐந்து ஆண்டு இழுத்தது. 1970இல் முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

"சட்டம் எல்லோருக்கும் பொதுதானே" என்றார் எதிரணித் தம்பி. இல்லை தம்பி. 1938இல் மத்தியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட். அதில் வயல் வேலையையும் வீட்டு வேலையையும் விட்டுவிட்டார்கள். தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களும் ஆண்களும் பெரும்பாலும் பார்த்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். 1966இல்தான் பெரிய பண்ணை, ஓட்டல், பள்ளி, முதியோர் இல்லம் எல்லாம் உள்ளே வந்தன. வீட்டு வேலைக்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கறுப்பர், வெள்ளையர் வருமான இடைவெளி குறைந்ததே, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் 1966 திருத்தத்தால்தான் என்று பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1965இல் உழைத்த அதே கைகள்தான் 1967இலும் உழைத்தன.

அப்புறம் வீடு. உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வீடு, தொழில், பண்ணைக்குக் கடன் கொடுத்தார்கள். மிசிசிப்பி நகரங்களில் 1947இல் அப்படிப் போன கடன்கள் 3,200க்கு மேல். கறுப்பினச் சிப்பாய்களுக்குக் கிடைத்தவை இரண்டு. போருக்குப் போய் வந்தவர்களிடமா முயற்சி போதவில்லை என்று சொல்வோம்?

இப்போது நம் இரண்டு பெட்டிக்கு வருகிறேன். 1965க்கு முன்னால் இந்தியர்கள் குடியேற அமெரிக்கா ஒதுக்கியது ஆண்டுக்கு 100 இடம். கறுப்பின மக்கள் அடிபட்டுச் சிறை சென்று நடத்திய உரிமைப் போராட்டம் நாட்டின் மனசாட்சியை உலுக்கிய அதே ஆண்டில்தான் குடியேற்றச் சட்டமும் மாறியது. நம் பெட்டியை யார் யாரோ சேர்ந்து தூக்கிவிட்டிருக்கிறார்கள் அக்கா. அதை மறந்து நாம் பேசக் கூடாது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். விழா முடிந்து நம்மில் சிலர் வெளியே சாப்பிடப் போவோம். தட்டு ஏந்தி வரும் பெண்ணுக்கு டெக்சாஸ் சட்டப்படி முதலாளி தர வேண்டிய ரொக்கக் கூலி மணிக்கு 2.13 டாலர். டிப்ஸோடு சேர்த்தும் குறைந்தபட்சக் கூலியான 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி நிரப்ப வேண்டும் என்பது விதி. அந்த 2.13 மத்தியச் சட்டத்தின் தொகை, 1991இலிருந்து அப்படியே நிற்கிறது. எதிரணியினர் எனக்கு ஒன்று மட்டும் சொல்லட்டும்: அந்தப் பெண் இன்னும் எத்தனை தட்டு தூக்கினால் அந்த 2.13 மூன்றாகும்?