துருவ நட்சத்திரம் அசையுமா? ஆலங்காயத்திலிருந்து

வணக்கம் மக்களே. ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலைச் சாலையோரம் உட்கார்ந்திருக்கிறேன். காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986 முதல் வேலை செய்வது, இதே மலையில்தான் இருக்கிறது. வடக்கே பாருங்கள், கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்குச் சற்று மேலே தெரிகிறதே, அதுதான் துருவ நட்சத்திரம்.

அசையாதது என்று பாட்டி சொன்ன இந்த நட்சத்திரம் சுமார் 4 நாளுக்கு ஒருமுறை உப்பிச் சுருங்குகிறது. அதோடு, பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன நட்சத்திரத்தோடு சேர்ந்து ஏறக்குறைய 30 வருடத்துக்கு ஒரு சுற்றும் வருகிறது.

இந்தச் சுற்றை எப்படி அளப்பது? ஒளியைப் பிரித்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் அவை நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். ஆனால் உப்பும்போதும் அதன் மேற்பரப்பு நம் பக்கம்தானே வருகிறது, அப்போதும் கோடு நீலத்துக்குத்தான் போகும்! ஒரு ராத்திரி அளவை மட்டும் வைத்துக்கொண்டு இது மூச்சா, நடையா என்று சொல்லவே முடியாது. அதனால் ஒரு துடிப்பு முழுக்கப் பல தடவை அளந்து, அந்தத் துடிப்பின் சராசரி வேகத்தை எடுத்து, அது வருடக்கணக்கில் மெல்ல ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கம்தான் சுற்றுப்பாதை.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏரிக்கரையைச் சுற்றி நடந்தபடி ஒருவர் ஒரே தாளத்தில் பறை அடிக்கிறார் என்று வையுங்கள். அவர் 340 மீட்டர் தள்ளிப் போனால் அடி ஒரு விநாடி பிந்திக் கேட்கும், கிட்டே வந்தால் முந்தும். நட்சத்திரத்தின் துடிப்பும் அதே மாதிரிதான், சத்தத்துக்குப் பதில் ஒளி. பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் முன்பின்னை மட்டும் முதலில் கழித்துவிட வேண்டும். கெப்ளர் விண்கலம் 4 வருடம் விடாமல் பார்த்த வேகமாகத் துடிக்கும் நட்சத்திரங்களில் இந்த முறை அழகாகப் பலித்தது. துருவனில் கஷ்டம், ஏனென்றால் அதன் துடிப்புக் காலமே வருடத்துக்குச் சில விநாடி கூடி வந்திருக்கிறது, தாளமே மாறுகிறது.

அப்புறம் ஒன்று. அந்த நெருங்கிய துணையை யாரும் பார்க்காத காலத்திலேயே, கோடுகளின் ஆட்டத்தை வைத்து அது இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் 2006 ஜனவரியில் வெளியானபோதுதான் அது தனிப் புள்ளியாகக் கண்ணில் பட்டது.

சரி, மேகம் ஏறுகிறது, மூடுவதற்குள் கேமராவை வடக்கே திருப்புகிறேன்.