ஆள் குறைந்த செயலி ஏன் தாமதிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே பயன்படுத்தும் இணையச் செயலி, லட்சம் பேர் மொய்க்கும் தளத்தைவிட விரைவாக இயங்கும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். நடப்பதோ நேர்மாறு. முதல் சொடுக்குக்குப் பத்து விநாடி வெற்றுத் திரை தெரிகிறது. அடுத்த சொடுக்குகளுக்கெல்லாம் உடனே பதில் வந்துவிடுகிறது. நீங்களும் இதை அனுபவித்து, உங்கள் இணைய இணைப்பைத் திட்டியிருப்பீர்கள். பாவம், இணைப்பின் மீது பிழையில்லை.

செயலிகளைத் தங்கள் கணினிகளில் இயக்கித் தரும் கிளவுட் சேவைகளில் பல, வேலையற்றுக் கிடக்கும் செயலியை நிறுத்திவிட்டு, அது பிடித்திருந்த நினைவகத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. ரெண்டர் சேவையின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் எவரும் வராவிட்டால் செயலி உறங்கிவிடும். 2022 நவம்பரில் நிறுத்தப்பட்ட ஹெரோகு இலவசத் திட்டத்தில் அது 30 நிமிடமாக இருந்தது. அதன்பின் வருபவர் காத்திருக்க, செயலி இயங்கும் தனிப் பெட்டியான கண்டெய்னர் எழ வேண்டும், அது பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளான நூலகங்கள் ஏற வேண்டும், தரவுத்தளத்தோடு தொடர்பு ஏற்பட வேண்டும். இதைத்தான் கோல்டு ஸ்டார்ட் என்கிறோம். பெரிய தளத்தில் இந்தச் சுமை ஒருவர் தலையில் விழ, பின்னால் வரும் ஆயிரம் பேர் தப்பிவிடுகிறார்கள். சிறிய தளத்திலோ வருகிறவர் ஏறக்குறைய எல்லோருமே முதல் ஆள்தான்.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஒரு நிரலைக் கொண்டு செயலியைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பது. நானும் அதைச் செய்தேன். 'சரி' என்ற இரண்டெழுத்தை மட்டும் திருப்பித் தரும் ஒரு பக்கத்தை எழுதி, அதைப் பிங் செய்ய, அதாவது தானாகவே அவ்வப்போது அழைத்துப் பார்க்க, ஏற்பாடு செய்துவிட்டு, கண்காணிப்பு வரைபடத்தில் தாமதத்தைக் காட்டும் கோடு தரையோடு தரையாக ஓடுவதைப் பார்த்து இரண்டு வாரம் பெருமிதத்தோடு இருந்தேன். பயனர்களின் முறையீடு மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் செயலியின் நடப்புகள் பதிவாகும் லாக் கோப்பை வரி வரியாகப் படித்தபோது, காலை 8.42க்கு வந்த ஒரு கோரிக்கை ஒன்பது விநாடி எடுத்திருந்ததும், அதில் ஏழு விநாடிக்குமேல் தரவுத்தளத்துக்காகக் காத்திருந்ததும் தெரிந்தது. நான் எடுத்திருந்த திட்டத்தில் தரவுத்தளமும் தனியாக உறங்கும்! என் பிங் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுப் போனதே தவிர, உள்ளே தூங்கியவரை எழுப்பவில்லை. பிங் தொடும் அந்த 'சரி' பக்கத்தை, தரவுத்தளத்திடம் ஏதேனும் ஒரு தகவலைக் கேட்கும் சிறு வினவலை நடத்தும்படி மாற்றிய பிறகே முறையீடு நின்றது. கூடவே, தரவுத்தளம் உறங்கவே முடியாமல் போனதால் மாதக் கட்டணமும் ஏறியது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன்: பிங் எதைத் தொடுகிறதோ அது மட்டுமே விழித்திருக்கும். அமேசானின் லாம்டா போன்ற சேவைகளில் ஓர் இன்ஸ்டன்ஸ், அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு பிரதி, ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும் என்பதால், விழித்திருப்பது ஒன்றே ஒன்றாக இருக்கையில் இருவர் ஒரே கணத்தில் வந்தால் இரண்டாமவருக்குக் கோல்டு ஸ்டார்ட்தான். கூகுளின் கிளவுட் ரன்னில் குறைந்தபட்ச இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கையை ஒன்றாக வைப்பது, மைக்ரோசாஃப்டின் அசூரில் 'ஆல்வேஸ் ஆன்' அமைப்பை இயக்குவது போன்ற நேர்வழிகள் உண்டு. அவற்றுக்குக் காசு வேண்டும்.

என்னைக் கேட்டால், விழித்திருக்க வைப்பதற்கு முன், எழும் நேரத்தைக் குறைக்கத்தான் முயல வேண்டும். என் செயலியில் மாதம் ஒருமுறை மட்டும் பிடிஎஃப் அறிக்கை தயாரிக்கும் நூலகம் ஒன்று, ஒவ்வொரு தொடக்கத்திலும் ஏறிக்கொண்டிருந்தது. அதை ஏற்றும் ஒற்றை வரியைக் கோப்பின் தலையிலிருந்து எடுத்து, அறிக்கை தயாரிக்கும் செயற்கூற்றுக்குள் வைத்தேன். தொடக்க நேரம் பாதியானது. அந்த மாதிரி வரிகள் உங்கள் நிரலிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். செயலிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான தொலைவைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒளியிழையில் ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் போய்வரச் சுமார் 10 மில்லிவிநாடி ஆகும். செயலி ஓரிடத்திலும் தரவுத்தளம் 5,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் இருந்து, ஒரு பக்கத்துக்கு 30 வினவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், பயணத்துக்கே ஒன்றரை விநாடி. இரண்டையும் ஒரே வட்டாரத்தில் வையுங்கள். நன்றி, வணக்கம்.