பிரசவ அறையில் ஒரு துணைக்கை
(மகப்பேறு விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அறுவைச் சிகிச்சை அரங்கிலிருந்து நேரே மேடைக்கு வந்திருக்கும் மகப்பேறு மருத்துவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிய செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, மருத்துவமனை நிர்வாகக் குழுவின் பெரியவர்களே, முன்வரிசையில் வயிற்றில் கைவைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் கைபேசியை நோண்டிக்கொண்டிருக்கும் கணவன்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அதை முன்வரிசைச் சகோதரி ஒருவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். பிரசவ நேரத்தில் உடம்பைப் பிடித்துவிட்டால் வலி ஏன் குறைகிறது, எங்கே பிடிப்பது, வீட்டில் எப்படிப் பழகுவது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பிரசவ வலி கணவனுக்கு வரப்போவதில்லை. ஆனால் அவன் கைக்கு அங்கே வேலை உண்டு. முழங்காலை இடித்துக்கொண்டால் உடனே தேய்க்கிறோமே, ஏன்? ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1965-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது, மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தி அந்த வாசலில் மட்டுப்படுகிறது. வலி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். தாங்கும்படி ஆகிறது. மயக்க ஊசி வேண்டும் என்று கேட்கும் பெண்ணுக்கு மசாஜைக் காட்டி மறுப்பதும் தவறு.

எங்கே பிடிப்பது? எனக்குத் தெரிந்த ஒருவர். நல்ல உடற்கட்டு, தினமும் எடை தூக்குபவர். மனைவிக்கு வலி எடுத்ததும் பயந்துபோய், பூனைக்குட்டியைத் தடவுவதுபோல முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவோ, "தடவாதீங்க! எரிச்சலா வருது!" என்று ஒரு சத்தம். கையை எடுத்துவிட்டார். "ஏன் எடுத்தீங்க?" என்று அடுத்த சத்தம்! (சிரிப்பொலி) மூத்த செவிலியர் ஒருவர் வந்தார். குழந்தையின் முதுகு தாயின் முதுகுப் பக்கம் இருந்ததால் தலையின் பின்புறம் இடுப்பெலும்பில் அழுத்துகிறது, அதனால்தான் வலியெல்லாம் முதுகிலேயே நிற்கிறது என்று சொல்லி, இவர் உள்ளங்கையின் அடிப்பகுதியை முதுகெலும்பு முடியும் முக்கோண எலும்பின்மேல் வைத்தார். "நோவு ஏறும்போது அழுத்துங்க, இறங்கினதும் விடுங்க. போதுமான்னு அவங்களைக் கேளுங்க." அழுத்தினார். "அங்கேதான், இன்னும்!" என்றார் மனைவி. நேரம் போகப் போக எடை தூக்குபவருக்கு வேர்த்துக் கொட்டியது. "சிஸ்டர், கை ரொம்ப வலிக்குது" என்றார். செவிலியர் அமைதியாகச் சொன்னார்: "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் சார்." (நீண்ட கைதட்டல்)

அவர் கை ஓய்ந்ததும் டென்னிஸ் பந்து ஒன்றை வைத்து அழுத்தச் சொன்னார்களாம். இடுப்பின் இரு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து உள்நோக்கி அழுத்துவதும் பலருக்குச் சுகம் தரும். சிலருக்குத் தோளைப் பிடித்தாலே போதும். யாரும் தொட வேண்டாம் என்றால் தொடக்கூடாது. கெண்டைக்காலை ஆழமாகப் பிசையாதீர்கள். இரத்தக்கட்டி இருந்தால் ஆபத்து. குழந்தையை வெளியே தள்ள வயிற்றை அமுக்குவது மசாஜ் அல்ல. அதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கவில்லை.

அதே நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு செய்திகள் உண்டு. வலி குறைய உதவி கேட்கும் ஆரோக்கியமான தாய்க்கு மசாஜ், வெந்நீர் ஒத்தடம் போன்றவற்றைச் செய்யலாம். அவள் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுவதும் உடன் இருக்க வேண்டும். நான் மேடை மேடையாகக் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். கதவுக்கு வெளியே நிற்பவன் எங்கே பிடித்துவிடுவது? ஒரே நேரத்தில் பல தாய்மார்களைப் பார்க்கும் செவிலியர் ஒருவர் ஒவ்வொருவர் முதுகிலும் எவ்வளவு நேரம் கை வைக்க முடியும்? துணையை உள்ளே விட இடமில்லை என்கிறார்கள் மருத்துவமனைகளில், கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரைச்சீலை போடுங்கள். தொற்று வரும் என்கிறார்கள், கைகழுவச் சொல்லிக்கொடுங்கள். துணை கணவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மா, அக்கா, தோழி, யாரை அவள் சொல்கிறாளோ அவர். தலைவலியும் காய்ச்சலும் என்ற பழமொழியை நிர்வாகக் குழுவுக்கு மீண்டும் சொல்லத் தேவையில்லை என்று நம்புகிறேன். (சிரிப்பொலி)

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பிரசவ அறைக்குள் துணையை அனுமதிக்கக் கேட்கும் மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்திட்டுச் செல்லுங்கள். அடுத்து செவிலியர் சகோதரிகள் மேடையில் செய்முறை காட்டுகிறார்கள். பின்வரிசைக் கணவன்மார்கள் முன்னால் வாருங்கள்.