சுவரின் கீழ் நாலடி

வணக்கம் நேயர்களே. ஊரில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு வெள்ளையடித்து, சுவர் முழுக்கப் படம் வரைந்து, பெரியவர்கள் ரிப்பன் வெட்டித் திறந்து வைக்கிற விழாக்களுக்கு என்னைப் போன்ற ஆசிரியர்களையும் கூப்பிடுவார்கள். போவேன், பார்க்கவும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாரும் நின்றுகொண்டு சுவரைப் பார்க்கும்போது நான் தரையில் உட்கார்ந்துவிடுவேன். மேடையில் இருப்பவர்கள் எனக்கு முட்டி வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைக்கட்டும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கண் இரண்டடிக்கும் கீழே வந்துவிடும். அங்கிருந்து பார்த்தால் அந்த அறையில் என்ன தெரியும்? நாற்காலிக் கால், பெஞ்சின் அடிப்பக்கம், அழுக்கு தெரியாமல் இருக்க அடித்த பழுப்பு பெயிண்ட். எழுத்து அட்டவணை, காய்கறிப் படம், உடல் உறுப்புப் படம் எல்லாம் அதை மாட்டினவரின் தோள் உயரத்துக்கு மேலே தொங்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்காக வாங்கியது, ஐந்தரை அடி ஆளுக்காக மாட்டியது.

இதெல்லாம் நமக்குத் தெரியாத சங்கதி என்று சொல்லமுடியாது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் பாட அட்டைகளைத் தாங்களே எடுத்துச் செய்து பார்த்துக் கற்கிற முறை, தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவில் இருக்கிற ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துவிட்டு வந்து இங்கே கொண்டுவந்தது அது. அப்போது வகுப்பறையையே தரைமட்டத்துக்கு இறக்கினார்கள். சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் கரும்பலகையாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம் ஒதுக்கி, பெயரையும் எழுதிவைத்தார்கள். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல், எட்டுகிற உயரத்தில் அட்டைகள் வைத்த தட்டுகள். 2007 வாக்கில் இது மாநிலம் முழுக்கப் போனது. அந்த முறையில் குறைகள் உண்டு, பாடங்களைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் ஏணிப் படமும் அட்டையும் சில இடங்களில் வெறும் சடங்காகவே ஆனதும் உண்டு. அந்தச் சண்டைக்குள் இப்போது போகவேண்டாம். ஆனால் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கிறதே, அதற்கு நான் எப்போதும் ஓட்டுப் போடுவேன். சிலேட்டில் எழுதப் பயப்படுகிற பிள்ளைகூடச் சுவரில் கை வீசி எழுதும், தோளிலிருந்து எழுதும், அழிக்கும், பக்கத்துப் பிள்ளை எழுதியதை எட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஆசிரியர் நடுவில் நின்றபடி யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஒரு சுற்றில் பார்த்துவிடலாம். இன்றைக்குச் சில பள்ளிகளில் அந்தப் பலகைக்கு முன்னால் பெஞ்சை வரிசையாகப் போட்டு மறைத்திருக்கிறார்கள், வேறு சில இடங்களில் அதன்மேல் சோட்டா பீம் நிற்கிறான்.

அலங்காரம் பற்றி ஒரு வார்த்தை. 2014-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கு, சுவரெல்லாம் படம் ஒட்டிய அறையில் சில பாடங்களும், வெறும் சுவர் அறையில் சில பாடங்களுமாக மாற்றி மாற்றி நடத்திப் பார்த்தார்கள். படம் நிறைந்த அறையில் கவனம் அதிகம் சிதறியது. பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்கு அந்த அறையில் 42 சதவீதம் சரியான விடை, வெறும் அறையில் 55 சதவீதம். சின்ன ஆய்வுதான், இதை வைத்துக்கொண்டு எல்லாச் சுவரையும் மொட்டையாக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் பாடம் கேட்கிற திசையில், கரும்பலகையைச் சுற்றி, கொஞ்சம் வெறுமை இருக்கட்டும் என்கிறேன். மீதிச் சுவரில் இந்த வாரம் அவர்களே வரைந்தது இருக்கட்டும், அடுத்த வாரம் மாறட்டும். எனாமல் பெயிண்டில் வரைந்த யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஐந்து வருஷம் அப்படியே நிற்கும், பிள்ளைகளோ ஐந்தாவது நாளே அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் பீரோ. எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம். கைப்பொம்மை, மணிச்சட்டம், கதைப் புத்தகம், வடிவக் கட்டைகள் எல்லாம் பள்ளிக்கு வருகின்றன, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறுகின்றன, அப்புறம் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கின்றன. ஆசிரியரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒன்று தொலைந்தால் ஆடிட்டில் கேள்வி அவருக்குத்தான் வரும், பொம்மை உடைந்ததற்கு விளக்கம் எழுத யாருக்கு ஆசை? இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கியபோது அங்கேயும் பூட்டிய அலமாரிதான். ஒருநாள் ஆசிரியை பூட்ட மறந்துவிட்டு, வருவதற்கும் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் பிள்ளைகள் தாங்களே கதவைத் திறந்திருக்கிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலையையும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மாண்டிசோரிக்கோ, எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற அளவுக்குப் பிள்ளைகள் பொருள்களைப் பழகிவிட்டார்கள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பூட்டில்லாத, உயரம் குறைந்த அலமாரிகள் வந்தன. அந்த அம்மா 1939-ல் நம் அடையாறுக்கே வந்து, இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நம் பீரோக்களுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அதிகாரிகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன்: கற்றல் பொருள் தேய்வதும் உடைவதும் பயன்படுத்தியதற்கு அடையாளம் என்று ஒரு வரி ஆணை போட்டால் போதும், பாதிப் பூட்டு தானாகத் திறக்கும்.

உட்காருவதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். கால் தரையில் படவேண்டும், அவ்வளவுதான். இந்த வயதுக்கு இருக்கை ஓரடி உயரம் இருந்தால் போதும். பெரிய வகுப்பிலிருந்து இறக்கிவிட்ட பெஞ்சு ஒன்றரை அடி இருக்கும், கால் அந்தரத்தில் தொங்க, அந்தப் பிள்ளை நெளியும், நாம் "ஆடாம உட்காரு" என்போம். அதற்குக் கோரைப்பாய் எவ்வளவோ மேல்.

கண்ணுக்குத் தெரியாத விஷயம் சத்தம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர், மேலே கடகடக்கும் மின்விசிறி: இந்த அறையில் ஆசிரியர் பேசுவதில் பாதி எதிரொலியிலேயே கரைந்துபோகும். பெரியவர்களுக்குப் பாதிச் சொல் காதில் விழுந்தாலும் மீதியை ஊகித்துக்கொள்ளத் தெரியும். ஐந்து வயதில் அந்தச் சொல்லே புதுசு, எதை வைத்து ஊகிப்பது? வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபெல்லுக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளியில் அது நடக்காது, சரி. ஆனால் தரையில் பாய், ஜன்னலில் கனமான துணி, கதை சொல்கிற மூலையில் பழைய சேலை கட்டிய ஒரு விதானம், மின்விசிறிக்குக் கொஞ்சம் எண்ணெய், இவ்வளவு செய்தாலே ஆசிரியர் தொண்டை பிழைக்கும். சேலை விதானத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: கூட்டத்தில் மிரண்ட பிள்ளை தானாகப் போய் அதற்கடியில் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒதுங்க ஒரு இடம் ஒவ்வொரு வகுப்பறைக்கும் வேண்டும்.

இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகம் 27 பள்ளிகளில் 153 வகுப்பறைகளை அளந்து 2015-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளைகளின் முன்னேற்றத்தில் அறைக்கு இருந்த பங்கில் ஏறக்குறைய பாதி வெளிச்சம், வெப்பம், காற்று இவற்றைச் சேர்ந்தது என்கிறது அது. நம் ஊர் மே மாதத்தையும் தகரக் கூரையையும் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. ஆனால் நன்கொடை கொடுப்பவர்கள் படம் வரையத்தான் கொடுக்கிறார்கள், கூரைக்குச் சுண்ணாம்பு பூசக் கொடுப்பதில்லை. சுண்ணாம்பு பூசிய கூரை போட்டோவில் தெரியாதே.

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் இருந்தால், அடுத்த கூட்டத்தை ஒன்றாம் வகுப்பு அறையில், தரையில் உட்கார்ந்து நடத்தும்படி கேளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள். பெயிண்டர் வந்தால் கீழ் நாலடிக்குக் கரும்பலகை பெயிண்ட் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். பளபளப்பு வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பளபளத்தால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. நன்றி, வணக்கம்.