நகர்ப்புற வறுமையைப் படிக்க தாராவிக்குத்தான் போகணுமா? மானிடவியல் மாணவி கேட்ட சந்தேகம்

அடுத்த கேள்வி, தேவகோட்டைத் தங்கச்சி ஒருத்தங்க அனுப்பினது. "சென்னையில எம்.ஏ. மானிடவியல் படிக்கிறேன். நகர்ப்புற வறுமை சம்பந்தமா வேலை பார்க்கணும். மேற்படிப்பு விண்ணப்பத்துல 'எதிர்கால இலக்கு'ன்னு ஒரு பக்கம் கேக்குறாங்க, எழுதினா மேடைப்பேச்சு மாதிரி வருது. களப்பணிக்கு தாராவி போகணுமா? நம்ம பக்கம் குடிசைப் பகுதியே கண்ணுல படலையே"ன்னு கேக்குறாங்க.

கடைசிக் கேள்வியிலிருந்து வர்றேன்மா. கண்ணுல படாததுக்குக் காரணம் இருக்கு. நம்ம செட்டிநாட்டுப் பக்கம் எல்லாரும் பழைய பெரிய வீடுகளோட முகப்பைப் பார்த்துட்டு போட்டோ எடுத்துக்கிட்டுத் திரும்பிடுறாங்க. நீங்க பின்கட்டுக்குப் போங்க. வீட்டுக்காரங்க சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, பின்கட்டுல ஒரு காவல் குடும்பம் இருக்கும். வாடகை கிடையாது, தலைக்கு மேல பர்மா தேக்கு. கணக்கெடுப்புல 'நல்ல வீடு'ன்னு விழுந்துரும். பங்காளிங்க பேசி முடிச்சு வீட்டை இடிக்கக் கொடுத்தா, தூணும் நிலையும் பழம்பொருள் கடைக்குப் போகும், அந்தக் குடும்பம் தெருவுக்கு வரும். கையில ஒரு காகிதம் இருக்காது. 1971ஆம் வருஷத்துக் குடிசைப் பகுதிச் சட்டம் இடத்தைத்தான் 'குடிசைப் பகுதி'ன்னு அறிவிக்குது. தெருவுக்கு ஒண்ணா சிதறிக் கிடக்குற குடும்பங்க அந்த வலையில சிக்காது. காரைக்குடி மாநகராட்சி ஆயாச்சு, இதைப் பார்க்க ஒரு ஆள் வேணும்.

இலக்குப் பக்கத்துல "வறுமையை ஒழிப்பேன்"னு எழுதாதீங்க. எந்த வறுமைன்னு திருப்பிக் கேப்பாங்க. 2011-12க்கு நகரத்து வறுமைக் கோடு டெண்டுல்கர் குழு முறையில ஆளுக்கு மாசம் 1,000 ரூபா, ரங்கராஜன் குழு கணக்குல 1,407. அளவுகோலே ரெண்டு விதமா இருக்கு. அதனால முதல் வரியிலேயே யார், எங்கே, என்ன கேள்வின்னு வந்துரணும். "பழைய வீடுகள் விற்கப்படும்போது காவல் குடும்பங்கள் எங்கே குடியேறுகின்றன" அப்படின்னு. அடுத்து, இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க. அடுத்து, அந்தப் படிப்புல எந்தப் பாடம், எந்த ஆசிரியர் இதுக்கு உதவும். அஞ்சு வருஷம் கழிச்சு எந்த நாற்காலியில உக்காந்திருப்பீங்கங்கிறது கடைசியில ரெண்டு வரி போதும்.

"என்ன செஞ்சீங்க"ங்கிறதுக்குத்தான் களம். 15 குடும்பம், 3 மாசம் போதும். போன உடனே வருமானம் கேக்காதீங்க. மகளிர் உரிமைத்தொகைக்குக் குடும்ப வருமானம் வருஷம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். நீங்க நோட்டோட போனா அதுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு நினைச்சுக் குறைச்சுச் சொல்வாங்க, அவங்க மேல தப்பில்லை. செலவைக் கேளுங்க. நேத்து அரிசி எவ்வளவு, கேஸ் எப்ப மாத்துனீங்க, பஸ்ஸுக்கு எவ்வளவு, இப்படி ஒரு வாரம் தினமும். அப்புறம் கடன். 'கடன் இருக்கா'ன்னு கேட்டா இல்லைன்னுதான் பதில் வரும். தண்டல், குழு, நகை அடகு, கடைப் பற்றுன்னு ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிக் கேக்கணும்.

தண்டலை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்க. 10,000 ரூபா தண்டல்னா கையில 9,000, தினம் 100 ரூபா வீதம் 100 நாள் கட்டணும்னு வைங்க. ஆயிரம் ரூபாதானேன்னு தோணும். ஆனா அசல் தினமும் குறைஞ்சுக்கிட்டே வருது. அதையும் சேர்த்துப் பார்த்தா வருஷத்துக்கு 75 சதவீதத்துக்கு மேல போகுது. இந்த ஒரு கணக்கு உங்க அறிக்கையில இருந்தா, பத்துப் பக்கம் கோட்பாடு எழுதினதை விடப் பேசும்.

அன்னைக்கு ராத்திரியே குறிப்பை விரிச்சு எழுதிருங்க. ரெண்டு நாள் விட்டா அவங்க சொன்ன வார்த்தை போயிரும், உங்க வார்த்தைதான் மிஞ்சும்.

வேலை விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது 2021 வரைக்கும் குடிசை மாற்று வாரியம்னு இருந்தது, மகளிர் மேம்பாட்டு நிறுவனம், தொண்டு நிறுவனங்கள், இங்கெல்லாம் சமுதாயப் பணி இருக்கு. ஆனா விளம்பரத்துல 'சமூகப்பணி முதுகலை'ன்னு மட்டும் போட்டிருந்தா மானிடவியல்காரங்க மனு முதல் சல்லடையிலேயே நின்னுரும். இப்பவே 20 விளம்பரம் சேர்த்து, தகுதியை மட்டும் ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. எக்ஸெல், மொபைல் சர்வே, வரைபட மென்பொருள், இதுல எது திரும்பத் திரும்ப வருதோ அதைக் கத்துக்கங்க. ஆராய்ச்சிப் பக்கம்னா யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதுங்க, மானிடவியலுக்குத் தனித் தாளே இருக்கு.

இன்னொண்ணு, அறிக்கையில பேர் மறைக்கிறது. வெளியூர்ல ஆள் பேரை மாத்தினா போதும். நம்ம ஊர்ல வீட்டு விலாசத்து எழுத்து, அதாவது குடும்பத்தோட முதலெழுத்து, ரெண்டு இருந்தாலே எந்த வீடு, எந்தக் குலக்கோயில் பங்காளின்னு சொல்லிருவாங்க. விலாசம், தெரு, முகப்புல இருக்குற பொம்மை அடையாளம், எல்லாத்தையும் மாத்துங்க. இல்லேன்னா உங்க அறிக்கை வந்த மறுவாரம் அந்தக் குடும்பத்தைத்தான் காலி பண்ணச் சொல்வாங்க.