பரோலில் வந்தவருக்குப் பணம் கிடையாது: ஒரு வரி திருத்தப்பட்ட கதை

[திரையில்: ஒரு சட்டப் பக்கம். ஒரு வரி மட்டும் பெரிதாகிறது.]

மாநிலச் சிறையில் இருப்பவர்களுக்கும், அங்கிருந்து பரோலில் வந்தவர்களுக்கும் இந்த நிதியைச் செலவிடக் கூடாது.

கலிபோர்னியாவின் மனநலச் சேவைகள் சட்டத்தில் இந்தப் பொருளில் ஒரு வரி இருந்தது. 2004-ல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் அது. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குக் கூடுதலாக 1 சதவீதம் வரி. அதில் பெரும்பகுதி கவுன்டிகளின் கைக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்புகளின் கைக்கு, மனநலச் சிகிச்சைக்காகப் போனது.

அங்கே பரோல் என்பது சில நாள் விடுப்பு அல்ல. விடுதலையான பிறகும் தொடரும் மாநிலக் கண்காணிப்பு. மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களின் செலவு கவுன்டியின் தலையில் ஏன் விழ வேண்டும் என்று கேட்டால், அந்தத் தடையில் ஒரு நியாயம் தெரியும்.

[திரையில்: சிறை வாசல். வெளியே வரும் பாதை இரண்டாகப் பிரிகிறது.]

ஆனால் 2011-ல் ஏற்பாடே மாறிவிட்டது. கடுமையானவை அல்லாத குற்றங்களுக்காகச் சிறை சென்ற பலர், வெளியே வரும்போது மாநிலப் பரோலுக்குப் பதிலாகக் கவுன்டியின் கண்காணிப்புக்கு வந்தார்கள். ஒரே சிறையில் இருந்தவர்கள், ஒரே நோய்க்கு ஒரே மாத்திரை சாப்பிட்டவர்கள். மாநிலப் பரோலில் வந்தவருக்குத் தடை நேராகப் பொருந்தியது. கவுன்டிக் கண்காணிப்புக்கு வந்தவரைப் பற்றிச் சட்டத்தில் பேச்சே இல்லை. அவர் இருக்கும் வகையே 2004-ல் பிறந்திருக்கவில்லை.

2019-ல் செனட் மசோதா 389 வந்தது.

[திரையில்: மசோதாவின் அச்சுப் பிரதி.]

நீக்கும் சொற்களைக் கோடிட்டு அடித்தும், சேர்ப்பவற்றைச் சாய்வெழுத்திலும் அச்சிடுவது அங்கே வழக்கம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுப் பிரதி வரும். எது போனது, எது வந்தது என்பதைச் சட்டம் படிக்காதவரும் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளலாம். எல்லாச் சட்டமன்றங்களும் பின்பற்ற வேண்டிய பழக்கம் என்பேன்.

இந்த மசோதாவால் பரோலில் வந்தவர்கள் மீதான தடை நீங்கியது. பரோல், நன்னடத்தைக் கண்காணிப்பு, விடுதலைக்குப் பிந்தைய கவுன்டிக் கண்காணிப்பு ஆகிய எதில் இருப்பவருக்கும் கவுன்டிகள் இந்த நிதியைப் பயன்படுத்தலாம் என்று ஆனது. சிறைக்குள் இருப்பவர்களுக்கான தடை மட்டும் அப்படியே நின்றது.

பயன்படுத்தலாம் என்றுதான் எழுதினார்கள். பயன்படுத்த வேண்டும் என்று எழுதவில்லை. காரணம் காசுதான். உள்ளாட்சி அமைப்புகள் மீது மாநிலம் ஒரு புதிய கடமையைச் சுமத்தினால், அதற்கான செலவை மாநிலமே ஈடுகட்ட வேண்டும் என்கிறது கலிபோர்னியாவின் அரசியலமைப்பு. அனுமதி கொடுத்தால் அந்தக் கேள்வி எழாது. ஆனால் அனுமதியை எந்தக் கவுன்டி எவ்வளவு பயன்படுத்தும் என்பது அந்தந்தக் கவுன்டியின் விருப்பம். இந்தத் திருத்தத்தின் பலவீனமான இடம் இதுதான்.

மக்கள் வாக்கால் வந்த சட்டத்தைச் சட்டமன்றம் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இந்தச் சட்டம் தன்னை மாற்றும் வழியையும் தானே சொல்லி வைத்தது: மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், மூல நோக்கத்தை ஒட்டியே மாற்றம் இருக்க வேண்டும். விதிகளைத் தெளிவுபடுத்துவதற்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

பணம் சம்பந்தப்பட்ட மசோதாவுக்கு சட்டமன்றத்தின் நிதி ஒதுக்கீட்டுக் குழு என்றொரு கண்டமும் உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்களைத் தனியே நிறுத்திவைத்து, ஒரே நாளில் மொத்தமாக முடிவு சொல்வார்கள். பல மசோதாக்கள் ஓசையில்லாமல் உயிரை விடுவது அங்கேதான்.

அதையும் தாண்டினால், சட்டமன்றத்தின் இரண்டாம் அவை செய்த திருத்தங்களை, மசோதா தொடங்கிய முதல் அவை ஏற்க வேண்டும். கடைசி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே இணையத்தில் இருக்க வேண்டும்; இது 2016-ல் வந்த விதி.

[திரையில்: ஒரே பிரிவை நோக்கி இரண்டு மசோதாக்கள் நகர்கின்றன.]

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு மசோதாக்கள் ஒரே பிரிவில் கைவைத்து, இரண்டிலும் ஆளுநர் கையெழுத்திட்டால், பொதுவாகப் பின்னால் சட்டமாகப் பதிவானதே நிற்கும். முன்னதன் திருத்தம் காணாமல் போகும். அதனால் வரைவாளர்கள் இரு மாற்றங்களையும் இணைத்த இன்னொரு வடிவத்தையும் மசோதாவுக்குள் எழுதி, மற்ற மசோதாவும் சட்டமானால் இந்த வடிவமே செல்லும் என்று சேர்த்துவிடுகிறார்கள். அதை எழுத மறந்தால், எதிர்த்து ஒரு வாக்குகூட விழாத திருத்தமும் செத்துப்போகும்.