கோயமுத்தூர் ஃபைனல்: ரெண்டு மேட்ச், சைபர் கோல், கோப்பை மட்டும் ரெண்டு பேருக்கு!

(திரையில்: இருட்டு. விசில் சத்தம். ஸ்கோர் போர்டுல 0-0.)

ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான். இந்தியக் கால்பந்துல இதைவிடப் பெரிய பங்காளிச் சண்டை கிடையாதுங்க. ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா அன்னிக்கு கல்கத்தாவுல இலிஷ் மீன் குழம்பு. மோகன் பகான் ஜெயிச்சா எறா. மேட்ச் ரிசல்ட்டைப் பாத்துத்தான் மீன் மார்க்கெட்டுல விலையே ஏறும்னு சொல்லுவாங்க.

இந்த ரெண்டு பேரும் ஃபெடரேஷன் கப்ங்கற தேசியக் கோப்பை ஃபைனல்ல மோதுனாங்க. கல்கத்தாவுல இல்லீங்க, நம்ம கோயமுத்தூர்ல! வருஷம் 1978. முத மேட்ச் 0-0. சரி, மறுக்கா ஆடுங்கன்னாங்க. மறுக்கா ஆடுனாங்க. அதுவும் 0-0. குறைஞ்சது 180 நிமிஷம் ஓடியும் பந்து ஒரு தடவைகூட வலைக்குள்ள போகலை. கடைசியில கோப்பையை ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்துட்டாங்க. அன்னிக்கு எறாவும் இல்ல, இலிஷும் இல்ல, ரசம்தான்.

(திரையில்: சேனல் பேர். மூணு செகண்டுக்கு மேல வேண்டாம்.)

பின்னணியை ஒரே மூச்சுல முடிச்சர்றேன். ஃபெடரேஷன் கப் 1977-ல ஆரம்பிச்சது. நாடு முழுக்க இருக்கற கிளப்புகளை ஒரே போட்டிக்குள்ள கொண்டுவரணும்னு அகில இந்திய கால்பந்துச் சம்மேளனம் நடத்துனது. தேசிய லீக் வந்தது 1996-லதான், அதனால அதுவரைக்கும் இந்தியாவோட சிறந்த கிளப் யாருன்னா இந்தக் கோப்பைதான் பதில். முத வருஷம் எர்ணாகுளத்துல நடந்துச்சு. பெங்களூர்ல டெலிபோன் செஞ்சுட்டிருந்த ஐ.டி.ஐ. கம்பெனியோட டீம் மோகன் பகானை 1-0ன்னு கவுத்துடுச்சு. ரெண்டாவது வருஷம்தான் நம்மூர். 2017-ல கடைசி ஃபெடரேஷன் கப், அதுக்கப்பறம் சூப்பர் கப் வந்துருச்சு. அவ்வளவுதான் வரலாறு.

இதுல எனக்குப் பிடிச்ச கணக்கு ஒண்ணு இருக்கு. மோகன் பகான் மொத்தம் 14 தடவை இந்தக் கோப்பையைத் தூக்குனாங்க, ஈஸ்ட் பெங்கால் 8 தடவை. ரெண்டு பேருக்கும் நம்பர் ஒண்ணு எது? 1978, கோயமுத்தூர். ரெண்டு பேரோட கணக்கும் ஒரே நாள்ல, ஒரே ஊர்ல ஆரம்பிக்குது. கல்கத்தாக்காரங்க யாராவது கோப்பைக் கணக்கு பேசுனா, "போணி பண்ணுனது எங்கூருங்க"ன்னு தாராளமாச் சொல்லலாம்.

கோல் போடத் தெரியாத டீமுகளான்னு கேட்டுறாதீங்க. 1977 செப்டம்பர்ல பெலே வந்தாரே, நியூயார்க் காஸ்மாஸ் டீமோட, ஈடன் கார்டன்ஸ்ல 2-2ன்னு டிரா பண்ணி அனுப்புனது இதே மோகன் பகான். ஈஸ்ட் பெங்கால் 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனல்ல மோகன் பகானுக்கு அஞ்சு கோல் போட்ட டீம். அதே 1978-ல டூரண்ட் கப் ஃபைனல்லயும் இதே ரெண்டு பேருதான். அங்க ஈஸ்ட் பெங்கால் 3-0. ஆக, கால் நல்லாத்தான் இருந்துச்சு. சிக்கல் வேற எடத்துல.

(திரையில்: பத்திரத்தாள். ரெண்டு பேர்.)

நம்மூர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா இது கூட்டுப் பட்டா. ஒரே சர்வே நம்பர், ரெண்டு பேர். கெணத்துல பங்கு இருந்தா முறை வெச்சுத் தண்ணி பாய்ச்சுவோம்ல, அதேதான். இப்படிப் பங்கு போட்ட கோப்பைக்குப் பொதுவா டாஸ் போடுவாங்க, ஜெயிச்சவங்க மொத ஆறு மாசம் வெச்சுக்குவாங்க, மிச்சம் ஆறு மாசம் அடுத்தவங்க. இது என்னமோ ஒரு தடவை நடந்த கூத்துன்னு நெனைக்காதீங்க. டூரண்ட் கப்பை 1960-லயே இவங்க ரெண்டு பேரும் பங்கு போட்டாச்சு. ஃபெடரேஷன் கப்பை 1980-ல மறுபடியும். டூரண்டை 1982-ல மறுபடியும். 1978-ல ஐ.எஃப்.ஏ. ஷீல்டை மோகன் பகான் பங்கு போட்டது யாரோட தெரியுமா? சோவியத் யூனியன்ல இருந்து வந்த அராரத் யெரெவானோட!

பெனால்டி ஷூட்-அவுட், அதாவது கீப்பரை மட்டும் நிக்க வெச்சு மாத்தி மாத்தி கோலுக்கு அடிச்சு முடிவு பண்ற முறை, அதை வெச்சிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்குமேன்னு கேப்பீங்க. இங்கதான் விஷயம். ஷூட்-அவுட் அப்பவே இருந்துச்சு. 1970-லயே விதிகள்ல சேத்துட்டாங்க. ஆனா ஃபைனல் மாதிரி பெரிய மேட்சை அதை வெச்சு முடிக்க மனசு வரலை. உலகம் முழுக்க அப்படித்தான். 1978 உலகக் கோப்பை ஃபைனல் டிரா ஆகியிருந்தா, அதையும் மறுக்கா ஆடறதாத்தான் ஏற்பாடு. உலகக் கோப்பையில முத ஷூட்-அவுட்டே 1982-லதான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் அரையிறுதி.

ஷூட்-அவுட்டுக்கு முன்னாடி இருந்த முறையைக் கேட்டா சிரிப்பீங்க. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, இத்தாலியும் சோவியத் யூனியனும் நேப்பிள்ஸ்ல ஆடி 0-0. காசைச் சுண்டுனாங்க. இத்தாலி ஃபைனலுக்குப் போயிருச்சு. அவ்வளவுதான்! கல்யாணம் பேச கோயில்ல பூக் கேக்கற மாதிரி. நாமளாவது செவப்பா வெள்ளையான்னு சாமிகிட்டக் கேக்கறோம். இத்தாலி அப்பறம் ஃபைனல்லயும் டிரா பண்ணி, மறு மேட்ச்லதான் யூகோஸ்லாவியாவை 2-0ன்னு ஜெயிச்சுது. காசுல தப்பிச்ச டீம்தான் அந்த வருஷ சாம்பியன்.

(திரையில்: கோல் கம்பம், அளவுகள்.)

இப்ப ஷூட்-அவுட்டைப் பிரிச்சு மேஞ்சிரலாம். பொங்கலுக்கும் மே லீவுக்கும் ஊர்ல டோர்னமென்ட் நடத்தறவங்க இதை சேவ் பண்ணி வெச்சுக்கங்க. அங்க நடக்கற சண்டையில முக்கால்வாசி இந்தக் கடைசிக் கால் மணி நேரத்துலதான் வருது.

கோல் கம்பம் உள்பக்கம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பந்து வெக்கற புள்ளி கோல் கோட்டுல இருந்து 11 மீட்டர். டேப் புடிச்சு அளங்க. நெறய ஊர்ல ஒருத்தர் 11 எட்டு வெச்சு சுண்ணாம்புப் பவுடரைக் கொட்டிட்டுப் போயிருவாரு. ஒரு எட்டு முக்கால் மீட்டர்னு வெச்சாலும் எட்டேகால் மீட்டர்தான் வரும். மீதி ரெண்டே முக்கால் மீட்டர் எங்க போச்சு? கோல் கீப்பர் தலையில போச்சு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துல அடிச்ச பந்து 11 மீட்டரைத் தாண்ட 0.44 செகண்டு. எட்டேகால்னா 0.33. கீப்பர் கண்ணு சிமிட்டறதுக்குள்ள உள்ள!

டாஸ் ஒண்ணு இல்லீங்க, ரெண்டு. முத டாஸ் எந்தக் கோல்ல அடிக்கறதுன்னு. ரெண்டாவது டாஸ் யாரு மொதல்ல அடிக்கறதுன்னு. நம்மூர்ல ரெண்டையும் ஒண்ணாக்கிட்டு அப்பறம் மல்லுக்கட்டறாங்க. முத டாஸை லேசா நெனைக்காதீங்க. மைதானம் கிழக்கு மேற்கா இருந்து, பொழுதோட அஞ்சரை மணிக்கு ஷூட்-அவுட் வந்தா, கிழக்குக் கோல்ல நிக்கற கீப்பர் கண்ணுல நேரா வெயில். மேற்குக் கோல்னா அடிக்கறவன் கண்ணுல. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற. பொள்ளாச்சிப் பக்கம் ஆடுறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், தூக்கி அடிச்ச பந்து எந்தத் தோப்புல விழும்னு யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு டீமுக்கும் அஞ்சு அடி, மாத்தி மாத்தி. அஞ்சும் முடியறதுக்கு முன்னாடியே எட்டிப் புடிக்க முடியாத வித்தியாசம் வந்துட்டா அதோட முடிஞ்சுது. அஞ்சுக்கு அப்பறமும் சமம்னா ஒண்ணுக்கு ஒண்ணு. மேட்ச் முடியறப்ப ஆட்டத்துல இருந்தவங்கதான் அடிக்கலாம். வெளிய உக்காந்திருந்த ஸ்டார் பிளேயரைக் கூட்டிட்டு வர முடியாது. ஒருத்தர் ரெண்டாவது தடவை அடிக்கணும்னா, கீப்பரையும் சேத்து அந்த டீம்ல எல்லாரும் ஒரு தடவை அடிச்சிருக்கணும்.

இதுல யாருமே கவனிக்காத ஒண்ணு: ஒரு டீம்ல ரெட் கார்டு வாங்கி 10 பேர்தான் இருக்காங்கன்னா, எதிர் டீமும் ஒருத்தரை ஒதுக்கி 10 ஆக்கணும். ஏன்? 11 பேர் இருக்கற டீம்ல மோசமா அடிக்கற அந்தப் பதினோராவது ஆளு வர்ற நேரத்துல, 10 பேர் டீம்ல அவங்க பெஸ்ட் ஆளு ரெண்டாவது ரவுண்டு வந்துருவாரு. ரெட் கார்டு வாங்குனவங்களுக்கே லாபமாப் போயிரும். எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்காங்க பாருங்க! எனக்கு இந்த ஒரு விதிக்காகவே கால்பந்து பிடிக்கும்.

கீப்பர், பந்து அடிக்கற வரைக்கும் ஒரு காலையாவது கோட்டு மேல, இல்லைன்னா கோட்டுக்கு நேரா, பின்னால வெச்சிருக்கணும். முன்னாடி வந்து புடிச்சா மறுக்கா அடிக்கணும். கம்பத்துல பட்டுத் திரும்புன பந்தை அடிச்சவரே மறுபடி தட்டி உள்ள விட்டா கோல் இல்ல. அது ஒரே அடி, முடிஞ்சுது.

இதெல்லாம் முத மேட்ச்சுக்கு முன்னாடி தாள்ல எழுதி எல்லா கேப்டன்கிட்டயும் கையெழுத்து வாங்கிருங்க. கோயமுத்தூர் ஃபைனல் சொல்றது அதைத்தான். ரெண்டாவது மேட்ச்சும் டிரா ஆனா என்னங்கறதுக்கு "பகிர்ந்து குடு"ங்கறதுதான் அன்னைக்குப் பதில். ஆடுனவங்க மேல கொறை சொல்ல ஒண்ணுமில்ல.

அப்படியே பை கணக்கும். பைன்னா முத ரவுண்டு ஆடாமயே அடுத்த ரவுண்டுக்குப் போறது. நாக்-அவுட்ல டீம் எண்ணிக்கையில ஒண்ணைக் கழிச்சா மேட்ச் எண்ணிக்கை. 11 டீம், 10 மேட்ச். 2, 4, 8, 16ன்னு ரெட்டிச்சுட்டே போற வரிசையில 11-க்கு அடுத்தது 16. அந்த 16-ல இருந்து 11 போனா 5, அந்த அஞ்சு டீமுக்கு முத ரவுண்டுல பை.

(திரையில்: நிறைஞ்ச கேலரி.)

சரி, அதே கோப்பை, அதே ரெண்டு டீம், 19 வருஷம் கழிச்சு. 1997 ஜூலை 13, சால்ட் லேக் ஸ்டேடியம், ஃபெடரேஷன் கப் அரையிறுதி. கூட்டம் 1,31,000-க்கும் மேல. நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம் மாதிரி நாலைச் சேத்து வெச்சாலும் பத்தாது. மோகன் பகான் கோச் அமல் தத்தா 'டயமண்ட்'னு ஒரு புது வியூகத்தோட எல்லாரையும் அடிச்சுட்டு வந்திருந்தாரு. மேட்ச்சுக்கு முன்னாடி வாய் சும்மா இல்ல, எதிர் டீம் ஓமோலோவை ஆம்லெட்டுன்னும் சோசோவை வெள்ளரிக்காய்னும் கிண்டல் பண்ணுனாரு. எதிர்ல ஈஸ்ட் பெங்கால் கோச் பி.கே. பானர்ஜி. பைச்சுங் பூட்டியா மூணு கோல். ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. ஆம்லெட் போட்டது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இதுல இன்னொரு கூத்து: இவ்வளவு ஆட்டம் ஆடுன ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கலை. ஃபைனல்ல கோவாவோட சல்கோகர் 2-1ன்னு ஜெயிச்சுட்டுப் போயிருச்சு. நாக்-அவுட்னா இதாங்க.

ஈஸ்ட் பெங்காலுக்கும் நம்மூருக்கும் பாக்கி இன்னும் ஒண்ணு இருக்கு. 2019 மார்ச் 9, ஐ-லீக்ங்கற தேசிய லீக்கோட கடைசி நாள். பட்டத்துக்குப் போட்டி சென்னை சிட்டிக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும். சென்னை சிட்டின்னு பேரு, ஆனா சொந்த மைதானம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம். அங்க மினர்வா பஞ்சாப் மொதல்லயே கோல் போட்டுருச்சு. அதே நேரத்துல கணவாய்க்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்காலும் ஆடிட்டிருக்கு. ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தை 2-1ன்னு ஜெயிச்சுருச்சு. ஆனா இங்க மான்சி பெனால்டியில ஒண்ணு, கௌரவ் போரா ரெண்டு, சென்னை சிட்டி 3-1. லீக் முடிவு: சென்னை சிட்டி 43 புள்ளியோட சாம்பியன், ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி. 1978-ல பாதிக் கோப்பையோட போனவங்களுக்கு இந்தத் தடவை அதுவும் இல்ல.

உங்க வீட்டுல அறுபது எழுபது வயசுல அப்பாரோ, பெரியப்பாவோ, மாமாவோ இருந்தா இந்த வீடியோவைக் காட்டிக் கேளுங்க: 1978 ஃபைனல்ல எந்தப் பக்கம் உக்காந்து பாத்தாங்க, டிக்கெட் என்ன வெலை, ரெண்டாவது மேட்ச்சுக்கும் போனாங்களா? பழைய டிக்கெட், பேப்பர் கட்டிங், போட்டோ ஏதாச்சும் பொட்டியில கெடந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. பத்து வந்தாப் போதும், தனியா ஒரு வீடியோ போட்டுறலாம்ங்க.